உள்நோக்கிய கசிவு: வாயு அனலைசர்களில் டியூப் ஃபிட்டிங் மாற்றுவது பற்றி

புகைபோக்கியில் ஓடும் வாயுவில் கந்தக டை-ஆக்சைடு எவ்வளவு என்று சொல்லும் அனலைசரின் விலை பல லட்சம். அந்த வாயுவை அதனிடம் கொண்டுவந்து சேர்க்கும் வழியிலுள்ள நட், ஃபெரூல், யூனியன், டீ எல்லாவற்றின் விலையையும் கூட்டினாலும் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். ஆலைகளில் இரண்டுக்கும் கிடைக்கும் கவனமும் ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் இருக்கிறது. அனலைசருக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, சான்றிதழ் உண்டு, மாதந்தோறும் காலிபரேஷன் உண்டு. ஃபிட்டிங் மாற்றுவது மட்டும் ஷிஃப்டில் இருக்கும் டெக்னீஷியன் இரண்டு ஸ்பேனரோடு போய் முடித்துவிட்டு வருகிற வேலை. லாக் புத்தகத்தில் 'லீக் சரி செய்யப்பட்டது' என்று ஒரு வரி ஏறும், அத்துடன் சரி.

வீட்டுத் தண்ணீர்க் குழாயில் ஃபிட்டிங் மாற்றினால் சொட்டுவது நின்றதா என்று பார்த்தால் போதும். அனலைசருக்குப் போகும் லைனில், மாற்றிய பிறகு கருவி காட்டும் எண் இன்னும் உண்மையா என்பதை மறுபடியும் நிறுவியாக வேண்டும். எந்த ஃபிட்டிங், எந்த உலோகம், எத்தனை சுற்று, எந்தச் சோதனை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, அந்த இணைப்பு லைனில் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. பம்புக்கு முன்னாலா பின்னாலா, சூட்டிலா குளிரிலா, ஈர வாயுவிலா உலர்ந்த வாயுவிலா என்று பார்க்க வேண்டும். ஸ்டோர்ஸ் சீட்டில் எழுதப்படுவதோ சைஸ் மட்டுமே. இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான சச்சரவுகளை இந்த ஒரு இடைவெளியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

காற்று உள்ளே வரும்போது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்குத் தொடர் உமிழ்வுக் கண்காணிப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த அறிவிக்கை, 2003-க்குப் பின்னும் 2017-க்கு முன்னும் அமைந்த, 500 மெகாவாட்டும் அதற்கு மேலுமான அனல் மின் அலகுகளுக்குக் கந்தக டை-ஆக்சைடு வரம்பாகக் கனமீட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்தது. இந்தக் கருவிகளில் ஒரு பெரும்பகுதி, வாயுவைப் புகைபோக்கியிலிருந்து உறிஞ்சி வெளியே கொண்டுவந்து அளக்கும் வகை. புரோப், அதன் வடிகட்டி, சூடாக்கப்பட்ட சாம்பிள் லைன், ஈரத்தை எடுக்கும் கூலர், பம்ப், பிறகு அனலைசர் என்பது வழக்கமான வரிசை.

புரோபிலிருந்து பம்ப் வரையுள்ள பகுதி வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஒரு நட் தளர்ந்தால் வாயு வெளியே வராது. மூக்குக்குத் தெரியாது, கேஸ் டிடெக்டர் அலறாது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும். போன காற்று வாயுவை நீர்க்கச் செய்யும். எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

புகையில் ஆக்சிஜன் 6 சதவீதம், கந்தக டை-ஆக்சைடு 220 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அனலைசருக்கு வருவதில் பத்தில் ஒரு பங்கு லீக் வழியாக நுழைந்த காற்று என்றால், கருவி 198 காட்டும். வரம்பைத் தாண்டிய அலகு, தளர்ந்த ஒரு நட்டின் தயவால் வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அனல் மின் நிலைய அளவீடுகள் 6 சதவீத ஆக்சிஜன் என்ற பொது அடிப்படைக்குத் திருத்தப்படுகின்றன. இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஆக்சிஜனையும் அதே சாம்பிளில் அளந்தால், நுழைந்த காற்று அதையும் உயர்த்திவிடும்: 6 சதவீதம் சுமார் 7.5 ஆகும். திருத்தச் சூத்திரத்தில் 21-லிருந்து 6-ஐக் கழித்து, அதை 21-லிருந்து 7.5-ஐக் கழித்ததால் வகுத்து, 198-ஆல் பெருக்கினால் மறுபடியும் 220 வந்து நிற்கிறது. லீக் தன்னைத் தானே ஈடுசெய்துகொள்கிறது. ஆக்சிஜனைத் தனியாக, புகைபோக்கிக்குள்ளேயே செருகிய சிர்கோனியா சென்சரால் அளந்தால் அந்த ஈடு கிடையாது. 6 சதவீதம் 6-ஆகவே நிற்கும், 198 என்ற பொய் அப்படியே வாரியத்தின் சர்வருக்குப் போகும்.

ஆகவே 'சாம்பிள் லைனில் சின்ன லீக் இருந்தால் என்ன, ஆக்சிஜன் கரெக்‌ஷன் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்பவரும், 'ஒரு துளி லீக்கும் கூடாது' என்று சொல்பவரும் வெவ்வேறு அமைப்புகளை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். இருவர் சொல்வதும் அவரவர் அமைப்பில் சரிதான். பாய்லர் எரிப்புக் கட்டுப்பாட்டுக்காக ஆக்சிஜனை மட்டும் உறிஞ்சி அளக்கும் இடத்தில் முதல் ஆள் சொல்வது அபாயமாகவே முடியலாம். லீக்கால் ஆக்சிஜன் கூடுதலாகத் தெரியும், கன்ட்ரோலர் காற்றைக் குறைக்கும், அடுப்பில் கார்பன் மோனாக்சைடு ஏறும்.

இதில் இன்னொரு கண்கட்டு இருக்கிறது. காலிபரேஷன் வாயுவைப் பலர் அனலைசரின் நுழைவாயிலிலேயே கொடுக்கிறார்கள். வசதியானது, சிலிண்டர் வாயுவும் மிச்சம். ஆனால் அந்த வாயு, லீக் இருக்கும் லைனைத் தொடவே இல்லை. கருவி ஜீரோவும் ஸ்பானும் கச்சிதமாகக் காட்டும், சான்றிதழில் கையெழுத்தும் விழும், லீக் தன் இடத்தில் இருந்தபடி இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அளவீட்டு முறைகள் காலிபரேஷன் வாயுவைப் புரோபிலிருந்தே செலுத்தி முழு லைனையும் சோதிக்கச் சொல்வதும், ஐரோப்பாவின் இஎன் 14181 தரநிலை ஆண்டுச் சோதனையில் லீக் சோதனையைச் சேர்த்திருப்பதும் இதனால்தான்.

நாளொன்றுக்கு 7 மில்லிலிட்டர்

புகைபோக்கி லைனில் பத்து சதவீதக் காற்றுப் புகுவது பெரிய லீக். காற்றுப் பிரிப்பு ஆலைகளில் இருப்பவர்கள் கவலைப்படும் அளவு வேறு. ஆர்கானிலோ நைட்ரஜனிலோ ஆக்சிஜன் ஒரு பிபிஎம் இருக்கிறதா, இரண்டா என்று அங்கே பார்க்கிறார்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 2,09,500 பிபிஎம். அனலைசருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயு ஓடுகிறது என்றால், அளவீட்டில் ஒரு பிபிஎம் கூடுவதற்கு நாள் முழுவதும் சேர்த்து சுமார் 7 மில்லிலிட்டர் காற்று நுழைந்தால் போதும். ஒரு ஸ்பூனும் அதற்கு மேல் சொச்சமும்தான்.

இந்த லைன்கள் பெரும்பாலும் அழுத்தத்தில் இருப்பவை. 7 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் நிற்கும் குழாய்க்குள் வெளிக்காற்று எப்படி நுழையும் என்று அனுபவசாலிகளே கேட்பதுண்டு. ஆக்சிஜனைப் பொறுத்தவரை மொத்த அழுத்தம் அதற்கு அணை அல்ல. வெளியே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.21 பார், உள்ளே ஒரு பிபிஎம் என்றால் பாரின் ஒரு லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய லீக்கில் வெளியே பாயும் நைட்ரஜன் ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மிக நுண்ணிய லீக்கில் அந்தப் பாய்ச்சல் கிடையாது. ஆக்சிஜன் எதிர்த்திசையில் ஊடுருவி உள்ளே வந்துவிடும். பிளாஸ்டிக் டியூப்பாக இருந்தால் லீக்கே தேவையில்லை, சுவர் வழியாகவே வரும். சாம்பிள் லைனில் நடுவே அரை மீட்டர் டெஃப்லான் டியூப்பைத் 'தற்காலிகமாக' போட்டுவிட்டு, அனலைசர் சென்சர் கெட்டுவிட்டது என்று புதிதாக ஆர்டர் போடுவது இந்தத் தொழிலில் புதிய கதை அல்ல.

சென்சரா, லைனா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். சாம்பிள் ஓட்டத்தை இரண்டு மடங்காக்க வேண்டும். லீக்கில் நுழையும் காற்றின் அளவு மாறாது, அது கலக்கும் வாயுவின் அளவு இரட்டிக்கும். ஆகவே எண் பாதிக்கு அருகே இறங்கினால் குற்றவாளி லைன். எண் அசையாமல் நின்றால் வாயுவிலேயே அவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது, அல்லது சென்சர் பிழையாகக் காட்டுகிறது. பழகிய டெக்னீஷியன்கள் ஃபிட்டிங்கில் கை வைப்பதற்கு முன்னால் ஊசி வால்வில் கை வைப்பது இதற்குத்தான்.

ஃபெரூல்

நம் ஆலைகளில் எந்தக் கம்பெனியின் இரட்டை ஃபெரூல் ஃபிட்டிங்கையும் 'ஸ்வேஜ்லாக்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். 1947-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபிரெட் லெனன் தொடங்கிய கிராஃபோர்ட் ஃபிட்டிங் கம்பெனியின் வணிகப் பெயர் அது; இன்று பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. அந்த வடிவமைப்பில் முன் ஃபெரூல் டியூப்புக்கும் உடலின் கூம்புக்கும் நடுவே அழுந்தி வாயுவை அடைக்கிறது. பின் ஃபெரூல் டியூப்பைக் கவ்விப் பிடிக்கிறது. அடைக்கும் வேலையும் பிடிக்கும் வேலையும் தனித்தனி ஆட்களிடம் இருப்பதுதான் அதன் சாமர்த்தியம்.

கால் அங்குல ஃபிட்டிங்கை இறுக்கும் விதி எல்லோருக்கும் தெரிந்தது போலத் தோன்றும், ஆனால் களத்தில் அதிகம் மீறப்படுவதும் அதுதான். டியூப்பை உள்ளே தோள் வரை செருகி, நட்டைக் கையால் இறுக்கி, கடிகாரத்தின் 6 மணி இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். ஸ்பேனரால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதையும் தாண்டி 9 மணி இடத்தில் நிறுத்த வேண்டும். மொத்தம் ஒன்றேகால் சுற்று. 1/16, 1/8, 3/16 அங்குலம் போன்ற சின்ன சைஸ்களுக்கு முக்கால் சுற்றுத்தான். கால் அங்குல நட்டின் மரை அங்குலத்துக்கு 20. ஒன்றேகால் சுற்றில் நட் முன்னேறும் தூரம் 1.6 மில்லிமீட்டர். அந்த 1.6 மில்லிமீட்டருக்குள்தான் ஃபெரூல்கள் டியூப்பின் மேல் தங்கள் வடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. கைக்கு 'டைட்டாக' இருக்கிறதா என்ற உணர்வுக்கு இதில் இடமே இல்லை. அதனால்தான் தயாரிப்பாளர்கள் டார்க் அளவைச் சொல்லாமல் சுற்றைச் சொல்கிறார்கள்.

இடைவெளியை அளக்கும் கேஜ் ஒன்று உண்டு. நட்டுக்கும் உடலுக்கும் நடுவே அது நுழையாவிட்டால் போதுமான அளவு இறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். முதல் முறை பொருத்தும்போது மட்டுமே அது செல்லும். ஒருமுறை கழற்றி மாட்டிய இணைப்பில் அது சொல்வதற்கு மதிப்பு இல்லை. கழற்றுவதற்கு முன்னால் நட்டிலும் உடலிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு, திரும்ப மாட்டும்போது அதே கோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சற்று மட்டும் இறுக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒரே ஃபெரூலைப் பல முறை கழற்றி மாட்டலாம். மறுபடியும் ஒன்றேகால் சுற்றுச் சுற்றுகிறவர் டியூப்பை நசுக்குகிறார், அடுத்த முறை அந்த ஃபெரூல் அடைக்காது.

அப்படியானால் எப்போது மாற்றுவது? உடலின் கூம்பில் கீறல் இருந்தால் உடலை மாற்றலாம். டியூப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஃபெரூல் அதே கம்பெனியின் புது உடலில் போய் அமரும். ஃபெரூலில் கீறல் என்றால் கதை வேறு. டியூப்பில் கவ்வியிருக்கும் ஃபெரூல் கழன்று வராது. டியூப்பை அதற்கும் பின்னால் வெட்டியாக வேண்டும். கால் அங்குலத்தில் ஃபிட்டிங்குக்குள் போகும் நீளமே சுமார் 15 மில்லிமீட்டர். ஃபெரூல் தடம் இல்லாத புது மேற்பரப்பும் தேவை. ஆக ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் டியூப் காலி. முதல் தடவை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாம் தடவை டியூப் எட்டாது. இழுத்துப் பிடித்து நட்டைப் போடுவார்கள். பக்கவாட்டில் இழுபட்ட டியூப்பில் ஃபெரூல் ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் தளரும். பலகையில் வளைவுக்கும் ஃபிட்டிங்குக்கும் நடுவே நேரான நீளம் விட்டுவைக்காத பேனல் கட்டுநர்களைச் சபிப்பது இந்த வேலையின் ஒரு பகுதி. நியாயமான சாபம் அது. பல இடங்களில் ஃபிட்டிங் மாற்றம் என்று தொடங்குவது டியூப்பையே மாற்றுவதில் முடிவதும், முடிய வேண்டியதும் இதனால்தான்.

வெட்டுவதற்கு ஹேக்சா பிளேடைவிட டியூப் கட்டர் நல்லது; எதில் வெட்டினாலும் உள்விளிம்பின் பிசிறை எடுக்க வேண்டும். எடுக்காத பிசிறு எப்போதாவது ஒரு நாள் கழன்று சோலினாய்டு வால்வின் சீட்டில் போய் உட்காரும்.

கலப்புத் திருமணம்

ஒரு கம்பெனி நட், இன்னொரு கம்பெனி ஃபெரூல், மூன்றாவது கம்பெனி உடல். இதைப் போடலாமா கூடாதா என்பது இந்தத் துறையின் தீராத வழக்கு. மும்பையிலும் பிற இடங்களிலும் இரட்டை ஃபெரூல் ஃபிட்டிங் செய்யும் நிறுவனங்கள் ஏராளம். சிலர் தங்கள் பொருள் பெயர்பெற்ற கம்பெனியின் பொருளோடு சேரும் என்று விளம்பரமே செய்கிறார்கள். பெயர்பெற்றவர்களோ கலந்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்கிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் மரை. கால் அங்குல டியூப் நட்டில் 7/16 அங்குலத்தில் 20 மரை என்ற அளவைப் பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆகவே எவருடைய நட்டும் எவருடைய உடலிலும் வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறுவதனாலேயே சேரும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஃபெரூலின் கோணம், அதன் நீளம், பின் ஃபெரூலின் மேற்பரப்பை எந்த முறையில் கடினமாக்கியிருக்கிறார்கள் என்பன எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இவற்றுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பரிமாணத் தரநிலை கிடையாது. ஏஎஸ்டிஎம் எஃப்1387 போன்றவை ஒரு ஃபிட்டிங் எந்தச் சோதனைகளைத் தாங்க வேண்டும் என்று சொல்கின்றனவே தவிர, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. ஐரோப்பிய வழக்கமான 24 பாகைக் கூம்பு ஃபிட்டிங்குகளுக்கு ஐஎஸ்ஓ 8434 பரிமாணங்களை வகுத்திருக்கிறது. இரட்டை ஃபெரூல் உலகத்தில் அப்படி ஒன்று உருவாகவில்லை.

விலை உயர்ந்ததே நல்லது என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளூர்க் கம்பெனியின் நட், ஃபெரூல், உடல் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. கலவையின் குறை வேறு: அதை யாரும் சோதிக்கவில்லை. சூடாகிக் குளிரும் லைனில், அதிரும் கம்ப்ரஸர் பக்கத்தில் அது எத்தனை மாதம் நிற்கும் என்று சொல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லை. பொருத்திய அன்று லீக் சோதனையில் தேறுவதுதான் அதன் மோசமான குணம். நடைமுறைத் தீர்வு பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறது: ஓர் அனலைசர் அறைக்கு ஒரே மேக். வேறு மேக் வந்தாக வேண்டிய கட்டாயத்தில், மூன்று உறுப்புகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும், டியூப்பை வெட்டுவது உட்பட.

இதன் நெருங்கிய உறவுக்காரத் தவறு அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவே நடப்பது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். ஐரோப்பிய அனலைசர்களில் வாயு நுழைவாய் 6 மில்லிமீட்டராகவும் இருக்கும், கால் அங்குலமாகவும் இருக்கும்; ஆர்டர் கோடில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். 6 மில்லிமீட்டர் டியூப் கால் அங்குல ஃபிட்டிங்கில் சற்றே ஆடினாலும் போய்விடும், நட்டும் இறுகும். பிடிப்பு மட்டும் போதாது. அழுத்தம் ஏறும்போது டியூப் கழன்று தெறிப்பது இப்படித்தான். கையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இல்லாமல் கலப்பு ஆலைகளில் இந்த வேலைக்குப் போகக் கூடாது.

மரையில் இதைவிடத் தந்திரமான ஒன்று. அமெரிக்க என்பிடி மரையின் கோணம் 60 பாகை, பிரிட்டிஷ் பிஎஸ்பியின் கோணம் 55. கால் அங்குலத்தில் முன்னது அங்குலத்துக்கு 18 மரை, பின்னது 19. சில சுற்றிலேயே சிக்கிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். அரை அங்குலத்தில் இரண்டுமே 14. முழுதாக ஏறும், இறுகும், கசியும். டெஃப்லான் டேப்பை இன்னும் நான்கு சுற்றுச் சுற்றினால் கசிவு குறையும், அதனால் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்துகொள்ளும். டேப் பற்றி ஒரு வார்த்தை: கூம்பு மரையில் முதல் மரையை விட்டுச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதன் நூல் உள்ளே போகும். ஃபெரூல் நட்டின் மரையில் டேப் சுற்றுகிறவரைக் கண்டால் அந்த லைன் முழுவதையும் மறுபடி பார்ப்பது நல்லது. அந்த மரை எதையும் அடைப்பதில்லை.

வாயு கேட்கும் உலோகம்

316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாவற்றுக்கும் போதும் என்று தொடங்குவது தவறில்லை, அங்கேயே நின்றுவிடுவது தவறு. அமோனியா இருக்கும் லைனில் பித்தளை ஃபிட்டிங் போட்டால் அழுத்த அரிப்பில் விரியும். அசெட்டிலினில் செம்பு அதிகமுள்ள உலோகம் வெடிக்கும் தன்மையுள்ள சேர்மத்தை உருவாக்கும். ஆக்சிஜன் லைனில் எண்ணெய்ப் பசை துடைக்காத ஃபிட்டிங் தீப்பிடிக்கும் வாய்ப்பைக் கொண்டுவரும். குளோரின் ஆலைகளின் வேடிக்கை இன்னும் விசேஷம்: ஈரமான குளோரினைத் தாங்குவதில் டைட்டேனியத்துக்கு நிகரில்லை, உலர்ந்த குளோரினிலோ அதே டைட்டேனியம் எரியும். கூலருக்கு முன்னால் இருந்த ஃபிட்டிங் நன்றாக உழைத்தது என்று அதையே உலர்த்திக்குப் பின்னால் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே லைன், ஒரே சைஸ், ஒரே வாயு; இடம் மட்டும் வேறு.

சூடான லைன்களில் உலோகத்தைவிட வெப்பம் பெரிய பிரச்சினை. புகை வாயுவில் கந்தக ட்ரை-ஆக்சைடு இருந்தால் 120 முதல் 150 பாகை செல்சியஸுக்குள் அமிலமாகக் குளிர்ந்து படியும். அதனால் லைனை 180 பாகை வரை சூடாக்கி வைக்கிறார்கள். புரோபோடு லைன் சேரும் இடத்தில் ஒரு யூனியனை மாற்றிவிட்டு, இன்சுலேஷனை அதன் மேல் மறுபடி சுற்றாமல் விட்டால், அந்த இரண்டு அங்குலம் மட்டும் குளிரும். அங்கே நீர் சேரும், கந்தக டை-ஆக்சைடும் அமோனியாவும் அதில் கரையும், சில வாரத்தில் வெள்ளை உப்பு அடைக்கும். லீக்கே இல்லாமல் எண் குறையும். கந்தக மீட்பு ஆலைகளில் இது இன்னும் கறாராக இருக்கும்: கந்தக ஆவி 120 பாகைக்கு அருகில் திடமாகிவிடும், குளிர்ந்த ஃபிட்டிங்கில் மஞ்சள் கட்டியாக உறையும். அங்கே டெயில் கேஸ் அனலைசரைச் சாம்பிள் லைனே இல்லாமல் குழாயின் மேலேயே பொருத்தும் வழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் இது. டெஃப்லான் டியூப் சூட்டில் இளகும் என்பதால் ஃபெரூல் கவ்வும் இடத்தில் டியூப்புக்குள் உலோக உள்குழல் ஒன்றைச் செருக வேண்டும். பழைய ஃபிட்டிங்கோடு அதுவும் குப்பைக்குப் போய், புதியதில் போட மறந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

வெடிவாயு இருக்கும் பகுதியில் நிற்கும் அனலைசரில் ஒரு ஃபிட்டிங் சும்மா ஃபிட்டிங்காக இருக்காது. அதன் உள்ளே சிறு துளைகள் கொண்ட உலோகக் கட்டி ஒன்று இருக்கும். கருவிக்குள் தீ எழுந்தால் லைனுக்குத் தாவாமல் தடுக்கும் தீத்தடுப்பான் அது. கருவியின் வெடிபாதுகாப்புச் சான்றிதழ் அதையும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. அடைத்துக்கொண்டது என்று அதைக் கழற்றிவிட்டு வெறும் கனெக்டர் போட்டால் எண் நன்றாக வரும், சான்றிதழ் செல்லாது.

வேலையைத் தொடங்கும் முன் அழுத்தத்தை நட்டைத் தளர்த்தி வெளியேற்றக் கூடாது, அழுத்தத்தில் இருக்கும் நட்டை இறுக்கவும் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு லைனில் இதை மீறுவது உயிரோடு விளையாடுவது. 100 பிபிஎம் அளவிலேயே அது முகரும் திறனை மழுங்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும்.

நிரூபிப்பது

'சார், சோப்பு போட்டுப் பாத்தாச்சு, குமிழே வரல.' மாற்றிய ஃபிட்டிங்கைப் பற்றி இன்ஸ்ட்ருமென்ட் அறைக்கு வரும் அறிக்கை பெரும்பாலும் இதுதான். பம்புக்குப் பின்னால், அழுத்தத்தில் உள்ள இணைப்பில் அந்த வார்த்தையை நம்பலாம். பம்புக்கு முன்னால் குமிழ் எப்படி வரும்? லீக் இருந்தால் சோப்புத் தண்ணீர்தான் உள்ளே போகும். நாளுக்கு 7 மில்லிலிட்டர் லீக்குக்கோ, ஒரு சின்னக் குமிழ் ஊதவே ஒரு நிமிடத்துக்கு அருகே ஆகும். அவ்வளவு நேரம் யாரும் ஒரே நட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அந்த அளவுக்கு ஹீலியம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், அல்லது மேலே சொன்ன ஓட்டத்தை இரட்டிக்கும் சோதனை.

உறிஞ்சும் பக்கத்துக்கு இரண்டு வழிகள் எளியவை. பம்ப் ஓடும்போது புரோப் முனையை அடைத்தால் ரோட்டாமீட்டரின் பந்து அடியில் போய் உட்கார வேண்டும். மிதந்துகொண்டிருந்தால் அது மிதக்கும் உயரமே லீக்கின் அளவு. அடுத்தது, புரோபில் நைட்ரஜன் கொடுத்து ஆக்சிஜன் அனலைசரைப் பார்ப்பது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நைட்ரஜனை அதிக அழுத்தத்தில் பாய்ச்சினால் லைன் முழுவதும் வளிமண்டலத்துக்கு மேலே போய்விடும், லீக் வெளியே திரும்பிக்கொள்ளும், ஆக்சிஜன் பூஜ்ஜியம் காட்டும், எல்லோரும் மகிழ்ந்து கலைவார்கள். வழக்கமாகப் பம்ப் உறிஞ்சும் ஓட்டத்தைவிடச் சற்றே அதிகமாகக் கொடுத்து, மிச்சத்தைப் புரோப் வழியே புகைபோக்கிக்குள் வழியவிட வேண்டும். அந்த நிலையில் ஆக்சிஜன் 0.3 சதவீதம் காட்டினாலும் காற்று நுழைகிறது என்றே பொருள்.

நேரத்தையும் அளந்துவைப்பது நல்லது. உள்விட்டம் 4 மில்லிமீட்டர் உள்ள டியூப்பில் மீட்டருக்கு 12.6 மில்லிலிட்டர் வாயு நிற்கும். 30 மீட்டர் லைனுக்கு நிமிடம் ஒரு லிட்டர் ஓட்டத்தில் சுமார் 23 வினாடித் தாமதம். ஃபிட்டிங் மாற்றிய பிறகு அது 40 வினாடி ஆகிவிட்டால் எங்கோ அடைப்பு. தாமதம் அதேதான், ஆனால் எண் தன் முழு உயரத்தை எட்ட நெடுநேரம் இழுக்கிறது என்றால், நேரான யூனியனுக்குப் பதில் முனை அடைத்த டீ ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதன் மூட்டுக்குள் பழைய வாயு தங்கி மெல்ல மெல்லக் கசிந்து கலக்கிறது.

ஃபெரூலே இல்லாத ஏற்பாட்டைத் தேடியவர்களும் உண்டு. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு எழுந்த நெஸ்ஸி என்ற முயற்சியில், வால்வு, வடிகட்டி, ரெகுலேட்டர் எல்லாம் ஒன்றரை அங்குலச் சதுர அடிப்பாகத்துக்கு மாறின. அவற்றைக் கட்டிடக் கல் போல ஒரு தளத்தின் மேல் வைத்து, நான்கு போல்ட்டில் இறுக்கிவிடலாம். நடுவே டியூப் கிடையாது, ஓ-ரிங் அடைக்கிறது. 2002-இல் இதற்கு அமெரிக்கத் தரநிலை வந்தது, பிறகு ஐஇசி 62339 என்று சர்வதேசத் தரநிலையும் வந்தது. ஓர் உறுப்பை மாற்ற டியூப்பை வெட்ட வேண்டியதில்லை என்பது உண்மையான லாபம். பதிலுக்கு ஓ-ரிங்கின் ரப்பர் வகையை அறிந்து வாங்க வேண்டும்: பொதுவாகப் போடும் எஃப்கேஎம் ரப்பர் அமோனியாவிலும் அமின்களிலும் தாங்காது, தாங்கும் எஃப்எஃப்கேஎம் பல மடங்கு விலை. இன்னொன்று, இந்த ஏற்பாடு அனலைசர் அறையின் சாம்பிள் பலகையோடு நின்றுவிடுகிறது. இதற்கு மாறிய ஆலைகளிலும் புரோபிலிருந்து பலகை வரை வரும் லைனின் முனைகளில் ஃபெரூல்தான் இருக்கிறது. பம்புக்கு முன்னாலுள்ள பெரும்பகுதியும் அந்த லைன்தான்.